சைபீரியாவில் பிறந்த பாடகி

ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மச்சாளின் மகள் எனக்கொரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். மொழி விளங்காவிட்டாலும் கால் தானாகத் தாளம் போட்டது. "அங்க எந்தக் கொண்டாட்டத்திலயும் இந்தப் பாட்டு இருக்கும் மாமி" என்றாள்.

பாடியவர் ஹெலேனே பிஷர். காதலும் ஏக்கமுமாக, இலகுவான மெட்டில் வரும் ஜேர்மன் பாடல்களை 'ஷ்லாகர்' என்பார்கள். 1990களில் ஐரோப்பாவை ஆட்டிவைத்த 'யூரோ டான்ஸ்' தாளமும் பின்னர் இதனோடு கலந்தது. படித்தவர்கள் பலர் இதை மலிவான சரக்கென்று ஒதுக்குவார்கள். சமூகவியல் படித்த காலத்தில் நானும் இப்படியான பாட்டுகளை ஏளனமாகத்தான் பார்த்தேன்.

ஹெலேனே 1984 ஆகஸ்ட் 5ஆம் திகதி பிறந்தது ஜேர்மனியில் அல்ல, சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகரில். தந்தைவழிப் பாட்டனும் பாட்டியும் கருங்கடல் பக்கத்து ஜேர்மன் வம்சத்தவர்கள். 1941இல் ஹிட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் புகுந்ததும், எதிரியின் இனத்தவர் என்ற சந்தேகத்தில் இத்தகைய இலட்சக்கணக்கானோரை ஸ்டாலின் அரசு சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் ரயிலேற்றியது. இவர்களும் அப்படி அனுப்பப்பட்டவர்களே. அடுத்த வருடம் 16 முதல் 45 வயது வரையான ஜேர்மன் வம்சப் பெண்களையும் கட்டாய வேலைப் படையில் சேர்க்க உத்தரவு வந்தது. கர்ப்பிணிகளுக்கும், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மாருக்கும் மட்டுமே விலக்கு. பிள்ளைக்கு நாலு வயதென்றால் தாய் விட்டுவிட்டுப் போகத்தான் வேண்டும். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

1988இல் பெற்றோர் ஹெலேனேயையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு மேற்கு ஜேர்மனிக்கு வந்து, வொல்ஸ்டைன் என்ற சிறிய ஊரில் குடியேறினர். ரஷ்யாவில் 'ஜேர்மன்காரர்' என்று ஒதுக்கப்பட்ட இந்த மக்கள், ஜேர்மனியில் 'ரஷ்யர்' என்று பெயர் வாங்கினார்கள்.

ஹெலேனே பிராங்பேர்ட்டில் மூன்று வருடம் பாட்டும் நடிப்பும் படித்தார். மகளின் பாடல்கள் அடங்கிய இறுவட்டை வெளியே அனுப்பி வைத்தவர் தாய். அது ஊவே கன்தாக் என்ற முகாமையாளரின் கைக்குப் போனது. 2005 மே மாதம் தொலைக்காட்சி மேடை, 2006இல் முதல் இசைத்தொகுப்பு.

மருமகள் போட்ட பாட்டு 2013இல் வந்த 'ஆட்டெம்லோஸ்'. 'மூச்சற்று' என்று பொருளாம். எழுதியவரும் ஒரு பெண்தான், கிறிஸ்டினா பாக். 2014இல் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் வென்று திரும்பிய ஜேர்மன் அணியோடு பேர்லின் பிராண்டன்பேர்க் வாயிலில் ஹெலேனே இதைப் பாடினார். நாடு கடத்தப்பட்டவர்களின் பேத்தியோடு சேர்ந்து பெருங்கூட்டமே பாடியது.

பாடுவதோடு விடாமல் மேடையில் அந்தரத்தில் தொங்கிச் சாகசமும் செய்வார். 2021 கடைசியில் தாயானவர், 2023இல் பயிற்சியின்போது விலா எலும்பை முறித்துக்கொண்டார். அதே வருடம் ஜூனில் ஹனோவரில் ஊஞ்சல் கம்பி முகத்தில் அடித்து, இரத்தம் வடிய நிகழ்ச்சியை நிறுத்த வேண்டி வந்தது. இதெல்லாம் தேவைதானா என்று எனக்குத் தோன்றியது. அவரோ பிறகும் மேடையேறினார்.

பாட்டியின் கதையைச் சொன்னதும் மருமகள் கேட்டாள்: "அப்ப அவையும் எங்களைப் போல அகதியாத்தானோ மாமி வந்தவை?"

"இல்லையம்மா. ஜேர்மன் வம்சம் என்றபடியால் அவைக்குக் குடியுரிமை வாசலிலயே இருந்தது. உன்ர அம்மாவும் அப்பாவும் அதுக்கு எத்தனை வருசம் காத்திருந்தவை எண்டு கேட்டுப் பார்."