பல்லாசிரியர் நெடுங்கதையைப் படிக்கும் நெறி: எக்ஸ்-மென் படக்கதை

அமெரிக்க நாட்டில் திங்கள்தோறும் வெளிவரும் படக்கதை இதழ்களுள், பேராற்றல் படைத்த மாந்தர் பலர் ஒரு குழுவாக நின்று செயலாற்றுவதைக் கூறுவன ஒரு தனி வகை. இவற்றை முதன்முதலாகக் கையில் எடுப்போருள் பலர் பத்துப் பக்கங்களுக்குள் கீழே வைத்துவிடுவர். படம் விளங்காமையோ மொழியின் அருமையோ அதற்குக் காரணம் அன்று. கதைமாந்தர் தம்முள் பேசும் பேச்சு, இருபது முப்பது ஆண்டுகட்கு முன் வெளிவந்த ஏதோ ஓர் இதழின் நிகழ்ச்சியைச் சுட்டி நிற்கும். அவ்விதழைக் காணாதார்க்கு அப்பேச்சு பொருள் தாராது. இத்தகைய கதையை எங்ஙனம் படிப்பது என்னும் வினா, பல கைகளால் பல காலத்தில் வளர்ந்த நூல்களை ஆராய்ந்து பழகிய நமக்கு முற்றிலும் புதியதன்று. எக்ஸ்-மென் என்னும் குழுவின் கதை ஒன்றையே சான்றாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

இக்கதையின் முதல் இதழ் 1963 செப்டம்பர்த் திங்களிட்டு வெளிவந்தது. ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைந்தார். வெளியிட்டோர் மார்வெல் நிறுவனத்தார். பிறவியிலேயே அரிய ஆற்றலோடு தோன்றியமையால் உலகத்தாரின் அச்சத்துக்கும் வெறுப்புக்கும் ஆளாகிய ஐந்து மாணாக்கரும் அவர்தம் ஆசிரியரும் இதன் மாந்தர். 1970-இல் 66ஆம் இதழோடு புதுக்கதை நின்றது. 67 முதல் 93 வரை பழங்கதைகளே மறுபடியும் அச்சிடப்பட்டன. 1975-இல் லென் வீன் எழுதி டேவ் காக்ரம் வரைந்த சிறப்பிதழ், பல நாடுகளினின்றும் வந்த புதிய உறுப்பினரோடு குழுவை உயிர்ப்பித்தது. 94ஆம் இதழ் முதலாக எழுதத் தொடங்கிய கிறிஸ் கிளேர்மான்ட் 1991 வரை பதினாறு ஆண்டுகள் இடைவிடாது எழுதினார். அவர் விலகிய ஆண்டில் தொடங்கிய புது வரிசையின் முதல் இதழ் எண்பது இலட்சம் படிகளுக்கு மேல் கடைகளுக்குச் சென்றது.

புதிதாகப் படிப்போர் 1963-இன் முதல் இதழிலிருந்து தொடங்கவேண்டும் என்பர் சிலர். அஃது உழைப்பாளர் கூற்று; சுவைஞர் கூற்று அன்று. 1975-இல் தொடங்குவதே நன்று என்பது என் கருத்து. முன்னைய இதழ்களைப் பின்னர்த் திரும்பிவந்து காணலாம். பழைய செய்தி ஒன்றைக் கதைமாந்தர் குறிக்கும்போதெல்லாம் உடுக்குறியிட்டு, கட்டத்தின் அடியில் இன்ன இதழ் காண்க எனப் பதிப்பாசிரியர் குறிப்புத் தருவதும் உண்டு. அக்குறிப்பு உரையும் ஆகும். பழைய இதழுக்கு விளம்பரமும் ஆகும். அதனைத் துரத்திச் செல்லவேண்டுவதில்லை. கிளேர்மான்ட், தம் மாந்தர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரையும் ஆற்றலையும் இதழ்தோறும் தாமே சொல்லிக்கொள்ளுமாறு எழுதினார். சிலபோது இது நகைப்புக்கு இடமாயினும், அன்றுதான் வாங்கிய ஒருவனும் வழிதவறாதிருத்தற்கு அதுவே துணை.

ஆகவே, அறியாத முன்கதை பெரும் இடர் அன்று. மாற்றப்பட்ட முன்கதையே இடர். பிற்காலத்தார் பழைய நிகழ்ச்சிக்குப் புதிய பொருள் ஏற்றுகின்றனர். அவ்வேற்றம் இரு திறப்படும். ஒன்று முன்னதை விளக்கி ஆழப்படுத்தும். மற்றொன்று முன்னதை இல்லையென்று ஆக்கும். இவ்விரண்டையும் பிரித்துணராதார் இக்கதையைப் படித்தாராகார்.

முதல் திறத்துக்கு மேக்னெட்டோ சான்று. 1963-இல் அவன் படைத்தளம் ஒன்றைக் கைப்பற்றி உலகை ஆள முயலும் வெறும் கொடியவன். 1981-இல் வெளிவந்த 150ஆம் இதழில், தன்னோடு பொருத பதின்மூன்று வயதுச் சிறுமியைக் கொன்றுவிட்டோமோ எனத் திகைத்து நிற்கும்போது, அவன் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவன் என்பது வெளிப்படுகிறது. பதினெட்டு ஆண்டுக்கால இதழ்களில் ஒரு சொல்லும் திருத்தப்படவில்லை; எனினும் அவை அனைத்தும் வேறு பொருள் தரத் தொடங்கின. அவனுடைய பழைய சினம் இப்போது காரணம் உடையதாயிற்று. காரணம் உண்டாயினமையால் அவன் செய்த தீமை நன்மையாகிவிடவில்லை என்பதையும் கிளேர்மான்ட் காத்துக்கொண்டார்.

இதனோடு ஒட்டிய வேடிக்கை ஒன்றும் உண்டு. ஏனை மாந்தர் ஆண்டுகள் பல சென்றும் முதுமையடையார். அவர்தம் இளமைக்காலம் படிப்போரின் காலத்தோடு நகர்ந்துகொண்டே வரும். மேக்னெட்டோவின் இளமையோ 1940-களில் ஆணியடித்து நிறுத்தப்பட்டது. நல்வாய்ப்பாக, 1974-இல் வேறொரு வரிசையில் அவன் பச்சிளங் குழவியாக மாற்றப்பட்டு, 1977-இல் 104ஆம் இதழில் கட்டிளமையோடு மீட்கப்பட்டிருந்தான். வதைமுகாம் வரலாறு எவர் கருத்திலும் இல்லாத காலத்து எழுதப்பட்ட அந்நிகழ்ச்சி, பின்னாளில் அவன் அகவை பற்றிய ஐயத்துக்கு விடையாயிற்று.

இரண்டாம் திறத்துக்குச் சான்று ஜீன் கிரே. தொடக்கத்து ஐவருள் ஒரே பெண் இவள். 1976-இல் 101ஆம் இதழில் ஃபீனிக்ஸ் என்னும் அளவிறந்த ஆற்றலுடையவளாக நீரினின்று எழுகின்றாள். 1980-இல் அவ்வாற்றல் அவளை மேற்கொள்ள, விண்மீன் ஒன்றை விழுங்கி அதனைச் சார்ந்த உலகில் வாழ்ந்த ஐந்நூறு கோடி உயிர்களை அழிக்கின்றாள். கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பிர்னும் முதலில் வகுத்த முடிவில் அவள் ஆற்றல் இழந்து உயிர்வாழ்வாள். முதன்மைப் பதிப்பாசிரியர் ஜிம் ஷூட்டர், இத்துணைப் பெருங்கொலைக்கு அது தகுந்த முடிவன்று என மறுத்தார். அதனால் 137ஆம் இதழில் அவள் தன்னைத் தானே மாய்த்துக்கொள்கின்றாள். கைவிடப்பட்ட பழைய முடிவு 1984-இல் தனியே அச்சிடப்பட்டது. இரண்டையும் ஒப்புநோக்குவார்க்கு ஷூட்டர் கூறியதே பொருத்தம் என்பது புலனாகும். தான் செய்ததைத் தான் உணர்ந்து, மீண்டும் செய்யாதிருத்தற்பொருட்டு அவள் இறக்கின்றாள். அக்கதையின் பெருமை முழுதும் அவ்வுணர்வில் உள்ளது.

1986-இல் தொடக்கத்து ஐவரையும் மீண்டும் ஒன்றுசேர்த்துப் புது வரிசை ஒன்று வெளியிட வேண்டியிருந்தது. ஜீன் இன்றி ஐவர் ஆகார். கர்ட் பியூசிக் முன்னர்க் கருதியிருந்த வழி ஒன்று கைக்கொள்ளப்பட்டது. இறந்தவள் ஜீனே அல்லள். அவள் வடிவும் நினைவும் கொண்ட வேறோர் ஆற்றலே உலகை அழித்து மாய்ந்தது. மெய்யான ஜீன் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடா அடியில் ஒரு கூட்டினுள் உறங்கிக் கிடந்தாள் என்பது அது. இங்குப் பழம்பொருள் ஆழப்படவில்லை, களையப்பட்டது. குற்றம் செய்தவள் வேறு, வருந்தியவள் வேறு, மீண்டவள் வேறு என்றால், 137ஆம் இதழில் நாம் கண்டது யாருடைய துயரம்?

மறுபதிப்பு வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. அதே 1986-இல் 1975 முதலான கதைகளை மீண்டும் வெளியிடத் தொடங்கியபோது, புதிதாக வரைந்த பக்கங்களை இடையிற் சேர்த்தனர். இறுதியில் புதிய சிறுகதைகளையும் இணைத்தனர். ஜீனை அவ்வாற்றல் அணுகி அவள் வடிவைக் கொள்ளும் காட்சி இங்ஙனம் இணைக்கப்பட்டதே. எழுதியவரும் கிளேர்மான்ட்டே. ஆசிரியர் தம் நூலுக்குத் தாமே செய்த இடைச்செருகல் எனலாம். எப்பதிப்பைப் படிக்கிறோம் என்பதைக் குறித்துக்கொள்ளாத மாணவர், 1987-இன் கருத்தை 1976-இன்மேல் ஏற்றி மயங்குவர்.

இம்மாற்றத்தின் சுமை வேறொருத்திமேலும் வீழ்ந்தது. ஜீன் இறந்தபின் அவள் கணவனாக வேண்டியிருந்த சைக்ளோப்ஸ், அவளை உருவத்தால் ஒத்த மேடலின் பிரையர் என்பவளை 1983-இல் மணந்திருந்தான். ஜீன் மீண்டாள் என அறிந்ததும் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு நீங்குகின்றான். தலைவனுக்கு ஏற்பட்ட இவ்விழிவை மறைக்க, மேடலின் பகைவன் ஒருவனால் ஜீனின் படியாகச் செய்யப்பட்டவள் என்றும், தீமையின் வயப்பட்டாள் என்றும் கூறி, 1989-இல் அவளை மாய்த்தனர். கைவிட்டவன் பிழை கைவிடப்பட்டவள் தலையில் ஏற்றப்பட்டது. கதைத் தொடர்ச்சியைச் செப்பஞ்செய்தல் என்னும் பெயரால் இது நிகழ்ந்தது.

இக்கதையின் அன்பர் சிலர், கதையுலகின் கால அடைவில் எல்லா இதழ்களையும் நிரல்படுத்திப் பட்டியல்கள் அமைத்துள்ளனர். அவர்தம் உழைப்பு பெரிது, தேடுவார்க்குப் பயன்படும். ஆனால் அவ்வடைவில் படிப்போர், கூட்டினுள் உறங்கும் ஜீனை அறிந்துகொண்டே அவள் இறப்பைக் காண்பர். வெளிவந்த ஆண்டின் அடைவே படிக்கத் தக்கது. 1980-இன் இதழ் 1986-ஐ அறியாது. அறியாமையோடு அதனைப் படித்தல் அதற்கு நாம் செய்யவேண்டிய முறைமை.

ஜீன் 2004-இல் மீண்டும் இறந்து, 2018-இல் மீண்டும் உயிர்பெற்றாள். 2019-இல் ஜோனதன் ஹிக்மன் எழுதப் புகுந்தபோது வேறு வழி கண்டார். இறந்தோர் மீள்வதை மறைத்துக் காரணம் கற்பிக்காமல், ஐவர் கூடி இறந்தோரை உடலும் நினைவுமாக மீண்டும் ஆக்கும் ஒரு சடங்கையே அக்குழுவினர் வாழும் தீவின் வழக்கமாக்கினார். ஆசிரியர் பலர் ஐம்பதாண்டுகளாகச் செய்துவந்த தந்திரம் கதையின் பொருளாயிற்று. மீண்டெழுந்தவன் பழையவன்தானா என்னும் ஐயத்தைக் கதைமாந்தரே எழுப்பலாயினர். அப்பகுதி 2024-இல் முடிந்தது. அதனைப் படிக்கப் புகுவோர், 137ஆம் இதழை முதலில் படித்துவிட்டுச் செல்வது நன்று.