கதை கூறாது கதை பேசுதல்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1997 முதல் 2003 வரை நடைபெற்றது ‘பஃபி’ என்னும் தொடர்கதை. இரத்தங் குடிக்கும் பேய்களை அடக்கும் ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. அதன் தொடர்ச்சியை 2007-இல் டார்க் ஹார்ஸ் பதிப்பகத்தார் சித்திரக்கதையாக வெளியிடத் தொடங்கி, 2011-இல் 40 இதழ்களோடு முடித்தனர். தொலைக்காட்சிக் கதையை ஆக்கிய ஜாஸ் வீடனே இதனையும் நடத்தியமையால், ரசிகர் இதனை மெய்யான பிற்பகுதியென்றே கொண்டனர்.

இதழ் வந்தவுடன் வாசிப்போர் ஒரு சாரார்; தொகுப்பு நூலுக்காகக் காத்திருப்போர் மற்றொரு சாரார். இருவரும் கூடிப் பேசுங்கால் இடர் விளைகின்றது. முகமூடியணிந்து டுவைலைட் என்னும் பெயரோடு வரும் பகைவன் யாவன் என்பதே கதையின் உயிர்நிலை. முன் வாசித்தவர் பெயரைக் கூறாவிடினும், “அதைப்பற்றிக் கேளாதீர்” என்று நகைப்பாராயின் பாதி மறை வெளிப்பட்டுவிடும். மௌனமும் ஒரு விடையன்றோ! ஆகவே தேர்ந்த ரசிகர், எத்தனையாம் இதழ்வரை பேசலாமென்று முதற்கண் வரையறுத்துக்கொள்வர். சிலர் வரப்போகும் இதழின் அட்டைப்படத்தையும் பாரார். விற்பனை கருதிப் பதிப்பகத்தாரே அதனை முன்கூட்டி வெளியிடுவராதலின், அதனின்று தப்புதல் எளிதன்று.

இதனினும் நுட்பமான தொல்லை ஒன்றுண்டு. தொலைக்காட்சிக் கதையையே முடியக் காணாதவர்க்குச் சித்திரக்கதையின் தொடக்கமே பகையாம். அது நிகழும் இடத்தைச் சொன்னாலும் முன்னைக் கதையின் முடிவு புலனாகிவிடும். முன் வாசித்தவன் அடைந்த வியப்பு பின் வாசிப்பவனுக்கும் உரியதன்றோ? முகமூடியினுள் இருப்பவன் யாவனென நாம் அறிவோம், இங்குக் கூறோம்.