அடிக்கடி நின்றுபோகும் ஜெனரேட்டர்: கடைக்காரர்கள் கவனத்திற்கு



நம் திருவண்ணாமலையில் கடை நடத்துபவர்களுக்குப் பௌர்ணமி இரவு எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும், மாட வீதிகளிலும், பஸ் நிலையத்தைச் சுற்றியும் விடிய விடிய ஜனம் நடந்துகொண்டே இருக்கும். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் கரண்ட் போய், போட்ட ஜெனரேட்டரும் பத்து நிமிடம் ஓடி நின்றுவிட்டால் தராசு, பில் மிஷின், பிரீசர் எல்லாம் ஒன்றாக நிற்கும். எதிரில் விளக்கு எரியும் கடைக்கு வாடிக்கையாளர் போய்விடுவார். பாலும் தயிரும் ஐஸ்கிரீமும் வீணாகி நஷ்டம் நம் தலையில் விழும்.

2012-ஆம் ஆண்டு மின்வெட்டை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. அப்போது கடைக்குக் கடை டீசல் ஜெனரேட்டர் வந்தது. அந்தக் காலத்தில் ஜெனரேட்டர் அதிகம் ஓடிப் பழுதானது. இன்று நிலைமை நேர்மாறு. பராமரிப்பு நாளிலும், மழை, புயல் காலத்திலும்தான் அதைத் தொடுகிறோம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த மிஷின் தேவைப்படும் நாளில் தகராறு செய்கிறது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, மறுநாள் நம் அண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 உயிர்கள் போன துயரத்தை ஊரே பார்த்தது. அப்படிப்பட்ட நாட்களில் மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் அவரால் உடனே வர முடியாது. ஆகவே கடைக்காரரே சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

எங்கள் மண்டியிலும், எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைகளிலும் பல வருடமாகப் பார்த்து வந்ததில் நாங்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு. ஜெனரேட்டர் தானாக நின்றால் பெரும்பாலும் அது கெட்டுப்போகவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது அல்லது மிஞ்சுகிறது என்று சொல்கிறது. எப்படி நின்றது, எத்தனை நிமிடத்தில் நின்றது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எஞ்சின் நின்றதா, கரண்ட் மட்டும் நின்றதா? எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்து கடையில் விளக்கு மட்டும் அணைந்தால் டீசல், ஆயில் பக்கம் போகவே வேண்டாம். பேனலில் உள்ள பிரேக்கர் விழுந்திருக்கும். லோடு அதிகமாகியிருக்கலாம், அல்லது ஒயரிங்கில் எங்கோ ஷார்ட் இருக்கலாம். இதைப் பார்க்காமலே "ஜெனரேட்டர் நின்றுவிட்டது" என்று ஆள் அனுப்பியவர்களும் உண்டு.

எஞ்சினே நின்றது என்றால் அடுத்த கேள்வி: திணறித் திணறி நின்றதா, சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றதா?

திணறி நின்றால்

சத்தம் குறைந்து, விளக்கு மங்கி, மீண்டும் கொஞ்சம் எழுந்து, பிறகு அடங்கினால் எஞ்சினுக்கு டீசலோ காற்றோ போதவில்லை என்று பொருள்.

டேங்கில் டீசல் இருந்தும் இப்படி ஆகலாம். டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சிறு துளை இருக்கும். தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் டீசல் குறையக் குறைய டேங்கிற்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. எஞ்சின் திணறத் தொடங்கும்போது மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, எஞ்சின் பழைய வேகத்துக்கு வந்தால் குற்றவாளி அகப்பட்டான். ஒரு ரூபாய் செலவில்லாமல் தீரும் கோளாறு இது.

சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது, மறுபடி அதே பத்து நிமிடத்தில் நிற்கிறது என்றால் டீசல் பில்டரையோ, டேங்கின் அடியில் உள்ள குழாய் வாயையோ பாருங்கள். ஓடும்போது குப்பை வந்து வாயை அடைக்கும், நின்றதும் விலகிவிடும். டீசலில் தண்ணீர் சேர்ந்தாலும் இதே கதைதான். அரை டேங்க் டீசலோடு மாதக்கணக்கில் கிடந்தால், மீதி இடத்தில் உள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பில்டர் மாற்றிய பிறகும், டீசல் தீர்ந்து நின்ற பிறகும் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். அந்தக் காற்றை எடுத்துவிடும் முறையை மெக்கானிக்கிடம் ஒரு தடவை பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

கறுப்புப் புகை தள்ளிக்கொண்டு திணறினால் காற்று போதவில்லை, அல்லது லோடு தாங்கவில்லை. அரிசி மண்டி, மாவு மில், மிளகாய் வியாபாரம் உள்ள இடங்களில் ஏர் பில்டர் சீக்கிரம் அடையும். புத்தகத்தில் போட்ட கெடுவுக்கு முன்பே மாற்ற வேண்டி வரும்.

வாடகை வண்டிகளில் பொருத்தி வரும் ஜெனரேட்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலவற்றில் ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் ஒரே டேங்க். வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்று ஜெனரேட்டருக்குப் போகும் குழாயை வேண்டுமென்றே உயரமாக வைத்திருப்பார்கள். கால் டேங்க் டீசல் இருக்கும்போதே ஜெனரேட்டர் நிற்கும். அது பழுதல்ல. படுத்துக்கொள்ளும் வசதியுள்ள கேரவன் வண்டிகளிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

பட்டென்று நின்றால்

திணறல் எதுவும் இல்லாமல் சட்டென நின்றால் பெரும்பாலும் பாதுகாப்பு சுவிட்சுதான் நிறுத்தியிருக்கும். இங்கே நிமிடக் கணக்கு முக்கியம்.

ஸ்டார்ட் ஆகிச் சில விநாடிகளிலேயே நின்றால் ஆயில் பிரஷரைப் பாருங்கள். டிப் ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்க்க வேண்டும். மிஷின் சமதளத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். சாய்வான இடத்தில் அளவு தவறாகக் காட்டும். சரிவில் நிறுத்திய வண்டியில் ஆயில் போதுமான அளவு இருந்தும் சுவிட்ச் நிறுத்திவிடலாம். ஆயில் சரியாக இருந்தால் சுவிட்சுக்குப் போகும் ஒயர், பேட்டரி முனைகள் ஆகியவற்றைப் பாருங்கள். டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டு பேட்டரி கரண்டில்தான் வேலை செய்கிறது. முனையில் பூஞ்சை பூத்தது போல் வெள்ளை படிந்து பிடிமானம் தளர்ந்திருந்தால், அதிர்வில் ஒரு கணம் தொடர்பு விட்டாலும் எஞ்சின் நின்றுவிடும்.

அரை மணி, ஒரு மணி ஓடிய பிறகு நின்றால் சூடுதான் காரணமாக இருக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் அல்லது கூலன்ட், பேன் பெல்ட் இறுக்கம் இரண்டையும் ஆறிய பிறகு பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். காற்றால் குளிரும் வகையானால் எஞ்சின் மேல் உள்ள தகடுகளுக்கிடையே தவிடும் தூசும் அடைந்திருக்கும்.

இடமும் காரணமாகலாம். நம் கடைகளில் ஜெனரேட்டருக்குக் கிடைப்பது இரண்டு சுவருக்கு நடுவே உள்ள சந்துதான். வெளியே தள்ளிய சூடான காற்றையே மறுபடி உள்ளே இழுத்தால் கத்திரி வெயிலில் எந்த மிஷினும் தாங்காது. மழைக்காகத் தார்ப்பாயைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது, காலிச் சாக்கையும் அட்டைப் பெட்டியையும் பக்கத்தில் அடுக்குவது எல்லாம் கூடாது. 2005 ஜனவரி முதல் தயாரான, 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்களுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று விதி இருப்பதால் அவை கூண்டுக்குள் வருகின்றன. சூடாகிறதே என்று கூண்டின் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் காற்று ரேடியேட்டர் வழியே போகாமல் குறுக்கே போய்விடலாம். பலன் எதிர்மாறாகும்.

லோடு கணக்கு

5 கே.வி.ஏ. என்று எழுதியிருந்தால் பொதுவாக 4 கிலோவாட் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். கரண்ட் போனதும் இரண்டு பிரீசர், ஒரு பிரிட்ஜ், மாவு மிஷின் எல்லாம் சுவிட்ச் போட்டபடியே இருக்க, ஜெனரேட்டரைக் கிளப்பினால் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். எஞ்சின் அமுங்கிப் போகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நின்றவுடன் அவசரப்பட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் இரண்டாம் முறை இன்னும் சீக்கிரம் நிற்கும். ஓடிக்கொண்டிருந்த பிரீசர் கம்ப்ரஸருக்குள் கேஸ் அழுத்தம் தணியச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் கரண்ட் வந்தால் சுழல முடியாமல் ஏராளமாக இழுக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள். லோடு இல்லாமல் எஞ்சினைக் கிளப்பி இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, முதலில் பெரிய பிரீசர், பிறகு அடுத்தது, கடைசியில் விளக்கும் பில் மிஷினும் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். மூன்று பேஸ் மிஷினானால் எல்லா லோடையும் ஒரே பேஸில் ஏற்றாமல் பிரித்து வையுங்கள்.

ஒயரைப் பிடுங்காதீர்கள்

எங்களுக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் ஜெனரேட்டர் சில விநாடிகளில் நின்றுகொண்டே இருந்தது. "முதலாளி, இந்த ஒயரைக் கழட்டிட்டா நிக்காது" என்றார் வந்தவர். கழற்றினார், நிற்கவில்லை. அன்றைய வியாபாரம் நடந்தது. அடுத்த மாதம் ஆயில் இல்லாமல் ஓடி எஞ்சின் இறுகிவிட்டது. அந்த சுவிட்ச் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கோ ஆயில் ஒழுகிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது எஞ்சினை முழுவதும் பிரிக்கும் செலவில் முடிந்தது. பாதுகாப்பு சுவிட்சே பழுது என்று சந்தேகம் வந்தால் புது சுவிட்ச் போடச் சொல்லுங்கள். அதை இல்லாமல் ஆக்கச் சம்மதிக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு

முதலாவது புகை. திருட்டு பயத்திலும் மழை பயத்திலும் ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து ஷட்டரைப் பாதி இறக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, உள்ளே தூங்கும் கடைப் பையனின் உயிரையே எடுத்துவிடும். மிஷின் வெளியேதான் இருக்க வேண்டும். புகைக் குழாய் யார் வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது.

இரண்டாவது சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அது இல்லாமல் ஜெனரேட்டர் கரண்டை நேரே பிளக்கில் செருகினால் மீட்டர் வழியாகத் திரும்பி லைனுக்குப் போகும். கரண்ட் இல்லை என்று நம்பி கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரியத் தொழிலாளியின் உயிர் நம் கையில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ஒரு நோட்டு போடுங்கள்

கடன் கொடுத்தால் பேரேட்டில் எழுதுகிறோம். ஜெனரேட்டருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு அதன் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். தேதி, எத்தனை மணி நேரம் ஓடியது, ஊற்றிய டீசல், ஆயில் மாற்றிய நாள், நின்றிருந்தால் எத்தனையாவது நிமிடத்தில், எப்படி நின்றது, அப்போது என்னென்ன லோடு என்று எழுதினால் போதும். 250 மணிக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தால், நாளைக்கு 10 மணி நேரம் ஓடிய 2012-இல் அது 25 நாள் கணக்கு. இன்று மாதம் 5 மணி நேரம் ஓடினால் மணிக்கணக்குப்படி நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நாள் ஆயில் நல்லபடி இருக்காது. அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

மாதம் ஒரு தடவை, பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்பாக, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சும்மா ஓட்டினால் போதாது. பாதி லோடாவது கொடுக்க வேண்டும். லோடு இல்லாமலே ஓட்டி ஓட்டி வந்தால் எரியாத டீசல் கரியாகப் படிந்து அதுவே புதுக் கோளாறாகும். அந்த அரை மணியில் நின்றால் மெக்கானிக் வர இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. வந்தவரிடம் நோட்டைக் கொடுங்கள். "என்னவோ நிற்கிறது" என்பதற்கும், "ஸ்டார்ட் ஆகி நாற்பது நிமிடத்தில், திணறாமல், இரண்டு பிரீசர் ஓடும்போது நிற்கிறது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். பில் தொகையில் நமக்கும் தெரியும்.

மழைக்காலமும் தீபத் திருவிழாவும் வருடா வருடம் ஒன்றாகவே வருகின்றன. ஐப்பசி பிறப்பதற்கு முன் டேங்கின் அடியைத் திறந்து பார்த்து, பில்டர் ஒன்றும் பேன் பெல்ட் ஒன்றும் வாங்கிக் கடையில் வைத்துக்கொள்ளுமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.