பயிற்சியாளர் புறப்படும்போது

சென்ற கோடையில் உத்தமபாளையம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஏழெட்டுப் பெற்றோர் என் வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் ஊர் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குச் செல்லவிருக்கிறார். அவரை எப்படியாவது தடுத்து நிறுத்துமாறு முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் வந்து சேர்ந்தபோது அப்பள்ளியில் பெண்கள் கால்பந்து அணி என்று ஒன்று இருந்ததே இல்லை. குறுவட்டப் போட்டியில் தொடங்கி, மாவட்டப் போட்டியைத் தாண்டி, மண்டலப் போட்டிவரை அவர் அந்தச் சிறுமியரை அழைத்துச் சென்றிருக்கிறார். வந்தவர்களில் பாதிப்பேர் விடியற்காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு மலையேறி, மாலையில் இறங்கி வரும் தாய்மார்கள். "அந்த சாரு போயிட்டாருன்னா எங்க பிள்ளைக பந்தத் தொடாதுங்கய்யா" என்றார் ஒருவர்.

நான் மனு எழுதித் தரவில்லை. ஆசிரியரின் தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பதும் மாறுதலை அவரே கேட்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால், அது மட்டுமே காரணம் அன்று. மற்றக் காரணத்தை அவர்களிடம் அன்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. வருத்தத்தோடுதான் திரும்பிச் சென்றார்கள்.

வெற்றி பெற்ற பயிற்சியாளர் போய்விடுவாரோ என்னும் அச்சம் நம் பள்ளத்தாக்குக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பல்கலைக்கழக நகரங்களை ஆட்டிப்படைப்பது இந்த ஒரே கவலைதான். அங்கே அவர்கள் கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம்; அது இருக்கட்டும். பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரிலேயே அதிக ஊதியம் பெறுபவர் ஆளுநர் அல்லர், பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர்தான் என்றால் அதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம்.

2024 ஜனவரியில் அங்கு நடந்ததைப் பொருளியல் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆறு தேசியப் பட்டங்களை வென்று தந்த நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். இரண்டே நாள்களில் அந்த இடத்துக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேலன் டிபோர் போனார். அந்த வாரத் தொடக்கத்தில்தான் அவர் தம் அணியைத் தேசிய இறுதி ஆட்டத்தில் களமிறக்கியிருந்தார். வாஷிங்டனில் ஏற்பட்ட காலியிடத்தை அரிசோனாவின் ஜெட் ஃபிஷ் நிரப்பினார். அரிசோனாவுக்கு சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் பிரென்னன் வந்தார். ஒருவர் ஓய்வு பெற்றார். நான்கு ஊர்களில் ஒரே வாரத்தில் பயிற்சியாளர் மாறினார்கள். இதற்குச் சமூகவியலாளர் ஹாரிசன் ஒயிட் 1970-ஆம் ஆண்டிலேயே 'காலியிடச் சங்கிலி' என்று பெயரிட்டுவிட்டார். ஆள் மேலே ஏறும்போது காலியிடம் கீழே இறங்குகிறது. ஏறுபவரை நாளேடுகள் படம் பிடிக்கின்றன. இறங்கும் காலியிடத்தை அந்தந்த ஊரார் மட்டுமே பார்க்கிறார்கள்.

நம் நாட்டிலும் இச்சங்கிலி உண்டு. 1996-இல் தேனி தனி மாவட்டம் ஆகும்வரை நாங்களும் மதுரை மாவட்டத்தார்தாம் என்பதால், மதுரையின் சேது எஃப்.சி. அணியைப் பற்றிச் சற்று உரிமையோடு பேசலாம். 2019-இல் மணிப்பூர் காவல் துறை அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்த அணி அது. 2022-இல் கோகுலம் கேரளா அணியிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றபோது அதன் பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரி. பின்னர் அவர் ஒடிசா எஃப்.சி.க்குப் போனார், 2023-24 பருவத்தில் பட்டம் ஒடிசாவுக்குப் போயிற்று. 2025-இல் அவர் இந்திய மகளிர் அணியின் பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதே 2024-25 பருவத்தில், நடப்பு வாகையரான ஒடிசா அணி முதல் பிரிவிலிருந்தே கீழிறங்கியது. கோகுலத்துக்கு அடுத்தடுத்து இரண்டு பட்டங்களைப் பெற்றுத் தந்த அந்தோணி ஆண்ட்ரூஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அப்பருவத்தின் பட்டமும் அவர் பின்னாலேயே கொல்கத்தாவுக்குப் போயிற்று.

இவ்வளவையும் அடுக்கினால், அந்தத் தாயார் சொன்னது சரிதானே என்று தோன்றும். பாதி சரி. மறுபாதிக்குச் சென்னையின் கதையைப் பார்க்க வேண்டும்.

2017-18 பருவத்தில் ஜான் கிரெகரியின் பயிற்சியில் சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றது. அவர் எங்கும் போகவில்லை. அடுத்த பருவத்திலும் அவர்தான் பயிற்சியாளர். அணி பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது! 2019 டிசம்பரில் அவர் இடத்துக்கு வந்த ஸ்காட்லாந்தின் ஓவன் கோய்ல், பட்டியலின் அடியில் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தி இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். 2020 மார்ச்சில், தொற்று அச்சத்தால் பார்வையாளரே இல்லாத கோவா அரங்கில் அந்த ஆட்டம் நடந்தது. சில மாதங்களில் அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அங்கே 2021-22-இல் லீக் கேடயம் வென்றார். சென்னை ரசிகர்கள் கொதித்தார்கள். இங்கிலாந்தின் பர்ன்லி ஊரார் அதற்குப் பத்தாண்டு முன்பே அவர்மேல் கொதித்தவர்கள்தாம்; 2010 ஜனவரியில் பருவத்தின் பாதியில் அவர் அண்டை ஊரான போல்ட்டனுக்குத் தாவினார், பர்ன்லி அவ்வாண்டே பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. ஆனால், 2023-இல் அதே கோய்ல் சென்னைக்குத் திரும்பி வந்தபோது பழைய மாயம் நிகழவில்லை. அதே மனிதர், அதே நகரம்.

அமெரிக்கச் சங்கிலியும் இதையே காட்டுகிறது. டிபோர் விட்டுச் சென்ற வாஷிங்டன், முந்தைய பருவத்தில் 14 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றிருந்தது. அடுத்த பருவத்தில் 6 வெற்றி, 7 தோல்வி. அரிசோனா 10 வெற்றியிலிருந்து நான்குக்கு இறங்கியது. ஆனால், சங்கிலியின் கீழ்க்கோடியில் இருந்த, வசதி குறைந்த சான் ஹோசே அணி 7 வெற்றி, 6 தோல்வி என்று முந்தைய பருவம் நின்ற இடத்திலேயே நின்றது.

இங்கே புள்ளியியலின் ஒரு பழைய பாடம் ஒளிந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காயின் உச்சவிலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதைப் போடி, கம்பம் பகுதியில் மறந்தவர் இல்லை. அந்த விலையைக் கணக்கில் வைத்துக் கடன் வாங்கித் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர்களும் மறக்க மாட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. மிகச் சிறந்த ஆண்டு என்பது திறமையோடு நல்வாய்ப்பும் கூடிவந்த ஆண்டு. திறமை தொடரலாம், வாய்ப்பு தொடராது. அடுத்த ஆண்டு சராசரியை நோக்கி இறங்குவதே இயல்பு. பயிற்சியாளரைப் பிற அணிகள் தேடி வருவது மிகச் சிறந்த ஆண்டின் முடிவில்தான். ஆகவே, அவர் போகாதிருந்தாலும் வந்திருக்கக்கூடிய இறக்கத்தில் ஒரு பகுதியை, அவர் போனதன் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஒடிசா அணியின் வீழ்ச்சியில் எவ்வளவு இந்தக் கணக்கு, எவ்வளவு அந்தக் கணக்கு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

ஒரு பகுதி என்றுதான் சொன்னேன். மீதிப் பகுதி உண்மையான இழப்பு. அதைப் புரிந்துகொள்ள கேரி பெக்கர் செய்த பாகுபாடு உதவும். ஒருவரின் திறனில் எங்கு போனாலும் பயன்படும் பொதுத்திறன் ஒன்று. அந்த நிறுவனத்தில், அந்த ஊரில் மட்டுமே பயன்படும் தனித்திறன் இன்னொன்று. ஆட்ட நுணுக்கம் பொதுத்திறன். அதை அவர் எடுத்துச் செல்வார், செல்லட்டும். எந்தச் சிறுமிக்குக் காலையில் சாப்பிடாமல் வரும் வழக்கம், எந்த வீட்டில் அப்பாவிடம் பேசினால் வேலை நடக்காது பாட்டியிடம் பேச வேண்டும், எந்த ஊர் அணி ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆட்டத்துக்கு வரும் என்பவை தனித்திறன். புதிய ஊரில் அவருக்கு இவற்றால் காசளவும் பயனில்லை. பழைய ஊருக்கோ இவைதான் எல்லாமே. இருவருக்கும் பயன்படாமல் நடுவழியில் கொட்டிப்போவது இதுதான்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில், தொண்ணூறுகளில், உடற்கல்வி இயக்குநர் ஒருவர் நல்ல கால்பந்து அணி ஒன்றை உருவாக்கியிருந்தார். அவருக்கு வேறிடத்தில் மேலான பதவி கிடைத்தது. நிர்வாகம் பணிவிடுப்பு ஆணையை இழுத்தடித்தது. மாணவர்கள் அவரை விடக்கூடாது என்று முதல்வர் அறைமுன் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து, உழைப்பாளியின் இடப்பெயர்வு உரிமை பற்றி அரைமணி நேரம் முழங்கி, அவரை விடுவிக்கச் செய்தேன். அடுத்த இரண்டாண்டில் அணியே இல்லாமல் போயிற்று. நெடுநாள் அந்த உரையை நினைத்து உள்ளுக்குள் குறுகியிருக்கிறேன்.

பல ஆண்டுகள் கழித்துத் தேனி பேருந்து நிலையத்தில் அந்த அணியின் பழைய தடுப்பாட்டக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். "எப்படியப்பா அணி கலைந்தது?" என்று கேட்டேன். "சார் இல்லாததால நாங்க தோக்கல சார். காலையில அஞ்சரைக்கு மைதான கேட்டத் தொறந்துவிட ஆள் இல்ல. சாவி சார்கிட்டத்தான் இருந்துச்சு. அவர் போனப்போ ஆபீஸ்ல குடுத்துட்டுப் போனாரு. ஆபீஸ் பத்து மணிக்குத்தான தொறக்கும்" என்றார்.

அவரை விடுவித்ததில் தவறில்லை. பணிவிடுப்பு ஆணைக்காக அவர் காத்திருந்த மூன்று மாதங்களில், விடு என்றும் விடாதே என்றும் சண்டையிட்ட எங்களில் ஒருவர்கூட அவரிடம் சென்று, நீங்கள் காலையில் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. தவறு அங்கே இருந்தது.

பணக்கார விளையாட்டு உலகம் இழப்பை ஓரளவு காசாக்கிக்கொள்கிறது. அமெரிக்கப் பயிற்சியாளர் ஒப்பந்தத்தின் பாதியில் விலகினால் பழைய பல்கலைக்கழகத்துக்கு இழப்பீடு போய்ச்சேரும். நடைமுறையில் அதைப் புதிய பல்கலைக்கழகமே கட்டுகிறது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, ஆட்டக்காரர் நாடுவிட்டு நாடு விற்கப்படும்போது அத்தொகையில் 5 விழுக்காடு, 12 வயது முதல் அவரை வளர்த்த சங்கங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர் மாறுதலில் இப்படி எதுவும் கிடையாது, இருக்கவும் முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பல பள்ளிகளில் விளையாட்டைத் தாங்குபவர்கள் 2012-இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள். அத்தொகை படிப்படியாக உயர்ந்து 12,500 ஆனது. இவர்களுக்கு மேலே ஏறச் சங்கிலியே இல்லை. விலகினால் தொழிலைவிட்டே விலகுகிறார்கள். அவர்களுக்காக ஊரார் மனு எடுத்து வந்தால் நானே முதல் கையெழுத்திடுவேன்.

ஆள் போனாலும் நிற்கும் விளையாட்டுக்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் கோடைதோறும் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அறுபது முறைக்கு மேல் நடந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அதை முன்னின்று நடத்தியவர்கள் எத்தனையோ முறை மாறியிருப்பார்கள். மே மாதம் மின்னொளியில் நடக்கும் அந்த ஆட்டத்தை ஊர் தன் வேலையாக வைத்திருக்கிறது. அங்கே மைதானத்தின் சாவி ஒருவர் சட்டைப்பையில் இல்லை.

மீண்டும் அந்தச் சிற்றூருக்கு வருகிறேன். மனு எழுதித் தராதவன் சும்மா இருக்கலாமா என்று மனம் உறுத்த, ஜூன் மாதம் அந்த ஆசிரியர் பொறுப்பை ஒப்படைத்த நாளில் பள்ளிக்குப் போயிருந்தேன். முறைப்படி எல்லாம் நடந்தது. கால்பந்துகள், கைப்பந்து வலை, வளையப்பந்து, உயரந்தாண்டும் கம்பங்கள், பழுதானவை தனி என்று இருப்புப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துத் தலைமையாசிரியரும் அவரும் கையெழுத்திட்டார்கள். பதினெட்டுச் சிறுமியரை ஒப்படைக்க அந்தப் பதிவேட்டில் பக்கம் இல்லை.

அவர் பைக்குள் ஒரு நோட்டு இருந்தது. யார் எந்த இடத்தில் ஆடுகிறாள், யாருக்கு முழங்காலில் பழைய காயம், ஆறாம் வகுப்பில் கண்ணில் பட்ட இரண்டு புதுப் பிள்ளைகள், போட்டி நாளில் வேன் ஓட்டுபவரின் எண், எல்லாம் அவர் கையெழுத்தில். அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நான் கேட்டேன். கொஞ்சம் தயங்கி, எண்பது பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தலைமையாசிரியர் அறையில் அதை வைக்கத் தலைப்பு இல்லாததால், இப்போது அது அணித்தலைவியாக இருக்கும் சிறுமியின் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மைதானத்துச் சாவியும் அங்கேதான். புதிய ஆசிரியர் இன்னும் வரவில்லை. காலை ஐந்தரைக்குக் கதவைத் திறப்பது தோட்டத்து ஜீப்புக்குக் கிளம்பும் அவளுடைய தாய்.