இருண்ட திரையின் பழுதை அறிதல்

எல்சிடி மானிட்டரின் திரவப் படிகப் பலகை தானாக ஒளிர்வதில்லை. பின்னாலுள்ள விளக்கின் ஒளியைப் புள்ளிதோறும் மறைத்தும் விடுத்துமே அது படத்தை உருவாக்குவதால், திரை இருண்ட பின்னும் படம் அங்கே இருக்கக்கூடும். டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சும்போது மங்கலாகப் படம் தெரிந்தால், பழுது பெரும்பாலும் பின்விளக்கிலோ, அதற்கு மின்சாரம் தரும் சுற்றிலோ இருக்கும்.

அந்தச் சுற்றில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்களின் மேற்புறம் உப்பியிருந்தால், அவற்றை மாற்றுவதே பல மானிட்டர்களுக்குப் போதுமானது. ஆயினும், இணைப்பைத் துண்டித்த பின்னரும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கக்கூடும் என்பதால், அப்பணியைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பலகையே உடைந்திருந்தால், ஒளியைப் பரப்பும் உட்தகடுகளையும் எல்இடி பட்டையையும் கொண்டு சீரான மேசை விளக்கொன்றை அமைக்கலாம். ஆனால் பழைய மானிட்டர்களில் பின்விளக்காக உள்ள மெல்லிய குழல்விளக்குகளில் நச்சான பாதரசம் இருப்பதால், அவற்றை உடைக்காமல் மின்கழிவு மையத்தில் சேர்ப்பது அனைவரின் கடமையாகும்.