நள்ளிரவில் எரிந்த பட்டியல்!

பொழுது விடிந்து சிறிது நேரம்தான் ஆகிறது. ஜெபமாலை மாதா கோயிலால் பெயர் பெற்ற கருமத்தம்பட்டியில், கோவை பஸ்ஸுக்காகக் கூட்டம் நிற்கிறது. பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடும் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

பஸ் வருகிறது. ஒரு பெரியவர் மெல்ல ஏறுகிறார். கையில் மஞ்சள் பை. முப்பது வருஷம் பஞ்சாலையில் உழைத்த உடம்பு. இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

கோவையில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்கிறார்:

"இதற்கு முன்னால் எங்கே வைத்தியம் பார்த்தீர்கள், ஐயா?"

"அவிநாசியில பார்த்தனுங்க."

"என்ன மருந்து கொடுத்தார்கள்?"

"வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் மாத்திரை ஒண்ணுங்க."

"சீட்டு இருக்கிறதா?"

பெரியவர் பையைத் துழாவுகிறார். துண்டு இருக்கிறது. சோறு கட்டிய தூக்குப்போசி இருக்கிறது. சீட்டு இல்லை.

"ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டனுங்க!"

இது எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கிற காட்சிதான். வெள்ளை மாத்திரை என்றால் அதில் ஆயிரம் வகை உண்டு. டாக்டர் எதைக் கண்டார்? மறுபடியும் ரத்தப் பரிசோதனை. மறுபடியும் எக்ஸ்ரே. பணமும் போகிறது, ஒரு நாளும் போகிறது. ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று தெரியாவிட்டால், உயிருக்கே ஆபத்து வந்தாலும் வரலாம்.

அந்தச் சிறு சீட்டைப் பற்றிப் பேசுவதற்கென்றே உலகத்தில் மாநாடுகள் நடக்கின்றன என்றால் நம்புவீர்களா? கப்பல் ஏறியும் விமானம் ஏறியும் பல தேசத்தார் வந்து கூடியிருக்கிறார்கள். நோயாளியைப் பற்றி எதை எழுதுவது, எப்படி எழுதுவது, எங்கே காப்பது? இதுதான் அவர்கள் பேச்சு.

விளக்கேந்திய சீமாட்டி

கிரிமியா யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு இரவில் விளக்கு ஏந்திச் சென்று பணிவிடை செய்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அவர் கணக்கில் புலி என்பது பலருக்குத் தெரியாது!

ஓர் ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? என்ன நோய்? எத்தனை பேர் பிழைத்தார்கள்? எத்தனை பேர் இறந்தார்கள்? அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் இஷ்டம்போல் கணக்கு எழுதியது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வழியில்லை.

1860ஆம் ஆண்டு லண்டனில் சர்வதேசப் புள்ளிவிவர மாநாடு கூடியது. எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு எழுத வேண்டும் என்ற நைட்டிங்கேலின் திட்டம் அந்த மாநாட்டின் முன் வந்தது. உடல்நலம் குன்றியிருந்த அவர் மாநாட்டு மண்டபத்துக்குப் போகவில்லை. அவர் எழுதிய காகிதம் போயிற்று. பிரதிநிதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் தீர்மானம் போடுவது எளிது. அதன்படி நடப்பது அல்லவா கடினம்?

ஓட்டல் அடுப்பில் விழுந்த ரகசியம்

எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி.

அங்கே அறுவை வைத்தியர்களின் சங்கம் 1918ஆம் ஆண்டு ஒரு சோதனையைத் தொடங்கியது. நூறு படுக்கைக்கு மேல் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகள் சோதிக்கப்பட்டன. சங்கம் கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சில அடிப்படை விதிகள்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான, சரியான பதிவேடு இருக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமான ஒன்று.

சோதிக்கப்பட்டவை 692 ஆஸ்பத்திரிகள். தேறியவை எத்தனை தெரியுமா? வெறும் 89!

1919 அக்டோபர் மாதம் நியூயார்க் நகரத்தில் வால்டார்ப் அஸ்டோரியா என்ற பெரிய ஓட்டலில் சங்கத்தார் கூடினார்கள். கையில் பட்டியல் இருந்தது. தேறாதவற்றில் நாடே புகழும் ஆஸ்பத்திரிகளும் இருந்தன. பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும்? நள்ளிரவில் அந்தப் பட்டியலை ஓட்டலின் அடித்தளத்துக்குக் கொண்டுபோய் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள்!

எண்ணிக்கையை மட்டும் ஊருக்குச் சொன்னார்கள். பெயர்கள் சாம்பலாயின.

ஆனால் அந்தச் சூடு வீண் போகவில்லை. ஆஸ்பத்திரிகள் விழித்துக்கொண்டன. பதிவேடு எழுத வேண்டும், அடுக்க வேண்டும், கேட்டவுடன் எடுத்துத் தர வேண்டும். அதற்குப் பழகிய ஆட்கள் வேண்டுமே!

பதிவேடு காத்தவர்களின் கூட்டம்

1928 அக்டோபரில் பாஸ்டன் நகரத்தில் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக் காப்பவர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த ஊர் மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் பல காலம் பதிவேடுகளைப் பேணிய கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் என்ற அம்மையார் முதல் தலைவியானார்.

பிறகு இது உலகம் முழுவதும் பரவியது. 1952ஆம் ஆண்டு லண்டனில் மருத்துவப் பதிவேடுகளுக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்தது. 1968ஆம் ஆண்டு ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு உண்டாயிற்று. 2023ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் கூடியது இருபதாவது மாநாடு.

முன்பு இந்த மாநாடுகளில் காகிதம், அலமாரி, வரிசை எண் பற்றிப் பேசினார்கள். இப்போது கம்ப்யூட்டர் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவருடைய நோய் விவரத்தை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதும் பெரிய விவாதம். காகிதக் கட்டைத் திருடுவது சிரமம். கம்ப்யூட்டரிலோ ஒரு நொடியில் லட்சம் பேர் ரகசியம் வெளியேறிவிடும் அல்லவா?

ஒரு நோய்க்கு ஒரு பெயர்

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நோய்க்கு ஒரு டாக்டர் ஒரு பெயர் எழுதுகிறார். இன்னொருவர் வேறு பெயர் எழுதுகிறார். ஊருக்கு ஊர், தேசத்துக்குத் தேசம் பெயர் மாறினால் எப்படிக் கூட்டிப் பார்ப்பது?

பிரான்ஸ் நாட்டு ஜாக் பெர்ட்டியோன் இதற்கு ஒரு பட்டியல் தயாரித்தார். மரணத்துக்கான காரணங்களை வகைப்படுத்திய பட்டியல் அது. 1893ஆம் ஆண்டு சிகாகோ நகரத்தில் கூடிய புள்ளிவிவர அறிஞர்கள் அதை ஏற்றார்கள். 1900ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது திருத்தினார்கள். 1948ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. ஐ.சி.டி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதன் பதினோராவது திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

நம் சித்த வைத்தியமும் இதில் விடுபடவில்லை. ஆயுர்வேதம், சித்தம், யுனானி வைத்தியங்களில் வழங்கும் நோய்ப் பெயர்களுக்கான தொகுதி 2024 ஜனவரி 10 அன்று புதுடில்லியில் வெளியிடப்பட்டது.

திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம்

இந்தப் பெயருக்கும் எண்ணுக்கும் கருமத்தம்பட்டிப் பெரியவருக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் உண்டு.

கோவையில் 1888ஆம் ஆண்டு முதல் பஞ்சாலை தோன்றியது. பிறகு ஆலைகள் பெருகின. 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயர் வந்தது. அசல் மான்செஸ்டர் இருக்கும் லங்காஷயர் பகுதியில் 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற டாக்டர் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். அவர் கேட்ட கேள்வி மிக எளிது: "எந்தக் கிழமை நெஞ்சு இறுக்குகிறது?"

"திங்கட்கிழமை" என்றார்கள் பலர்.

ஞாயிறு விடுமுறை. தூசி இல்லை. மறுநாள் ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுக்கும். முதலில் அந்த ஒரு நாள் மட்டும். வருஷங்கள் போகப் போக மற்ற நாட்களிலும் இறுக்கும். கடைசியில் வேலையை விட்டாலும் மூச்சிரைப்பு விடாது. இது பஞ்சுத் தூசியால் வரும் நோய். டாக்டர்கள் இதைப் 'பிஸ்ஸினோசிஸ்' என்பார்கள். ஐ.சி.டி. பத்தாவது திருத்தத்தில் இதன் எண் ஜே 66.0.

இப்போது பெரியவர் சீட்டுக்கு வாருங்கள். அதில் 'மூச்சிரைப்பு' என்று மட்டும் எழுதினால், அது பீடியால் வந்ததா, ஆஸ்துமாவா, பஞ்சுத் தூசியா? யாருக்கும் தெரியாது. 'பஞ்சாலை வேலை, முப்பது வருஷம், விடுமுறைக்கு மறுநாள் நெஞ்சு இறுக்கம்' என்று எழுதினால்? நோய்க்குச் சரியான பெயர் கிடைக்கிறது. அப்படி எழுதிய சீட்டுகள் நூறு சேர்ந்தால், எந்த வேலையில் தூசி அதிகம் என்று புலப்படுகிறது. தூசியை அடக்க வழி பிறக்கிறது.

பிஸ்ஸினோசிஸும் இரைச்சலால் வரும் காது மந்தமும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 'அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள்' என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தன. பட்டியலில் நோய் இருந்து என்ன? சீட்டில் தொழில் இல்லாவிட்டால் நோய் எப்படி வெளியே வரும்? எழுதப்படாத நோய் யார் கணக்கிலும் ஏறாது.

நம் நாட்டில்

இந்தியாவில் சுகாதாரக் கணக்குகளைத் திரட்ட மத்திய அரசு 1961ஆம் ஆண்டு ஒரு நிலையம் அமைத்தது. மருத்துவப் பதிவேட்டு வேலைக்குப் புதுச்சேரி ஜிப்மரில் பயிற்சி தருகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இது ஒரு படிப்பு.

தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு 'பிக்மி' எண் தெரியும். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிடைக்கும் 12 இலக்க எண் அது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதைக் கேட்பார்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கிய திட்டத்தில் 'ஆபா' என்ற 14 இலக்க எண் தருகிறார்கள். அதில் சேருவது அவரவர் விருப்பம். உங்கள் சம்மதம் இல்லாமல் விவரத்தைப் பிறருக்குக் காட்டக் கூடாது என்பது அதன் விதி.

கேட்டுப் பெறலாம்

ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் செய்துகொண்டவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, வைத்தியம் தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் பதிவேட்டைக் காக்க வேண்டும். நோயாளியோ, அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பயப்பட வேண்டியதில்லை. பணிவாக எழுதிக் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் இல்லை. எல்லாச் சீட்டுகளையும் தேதிவாரியாக ஒரே உறையில் போடுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். என்ன தொழில், எத்தனை வருஷம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கருமத்தம்பட்டிப் பெரியவர் அன்று மாலை வீடு திரும்பினார். பள்ளிக்கூடம் படிக்கும் பேத்தி அலமாரியிலும் அரிசிப் பானை மேலும் கிடந்த சீட்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்தாள். ஓர் உறையில் அடுக்கினாள். மேலே தாத்தாவின் பெயர், வயது எழுதினாள்.

"வேற என்னங்க தாத்தா எழுதோணும்?"

பெரியவர் சிறிது யோசித்தார்.

"பஞ்சாலைல முப்பது வருசம்னு எழுது கண்ணு."

அவள் எழுதினாள். அடுத்த முறை பஸ் ஏறும்போது, மஞ்சள் பையில் தூக்குப்போசிக்கு அடியில் அந்த உறை இருந்தது.