சுவேவிட் பாறை
ரீஸ் பள்ளம், நோர்ட்லிங்கன், பவேரியா, ஜெர்மனி
வயது: சுமார் 1.5 கோடி ஆண்டுகள்

விண்கல் மோதியதில் உருவான பாறை இது. நோர்ட்லிங்கனின் புனித ஜார்ஜ் தேவாலயம் இவ்வகைக் கல்லால் கட்டப்பட்டது.

மோதலின் அழுத்தத்தில் குவார்ட்ஸில் ஒரு பகுதி கோயசைட்டாகவும், கிராஃபைட் நுண்வைரமாகவும் மாறின. 1960இல் புவியியலாளர்கள் ஷூமேக்கரும் சாவோவும் இங்கு கோயசைட்டைக் கண்டறிந்து, ரீஸ் பள்ளம் எரிமலைவாய் அன்று என்று காட்டினர்.

குவார்ட்ஸ், கோயசைட் இரண்டும் சிலிக்காவே. அணுக்களின் அடுக்குதான் வேறு. லேசர் ஒளி பட்டதும், சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் அலைநீளம் அணுக்களின் அதிர்வுக்கேற்ப மாறுகிறது. இம்மாற்றத்தைக் காட்டும் ராமன் நிறமாலையில் இக்கனிமங்களின் முதன்மைக் கோடுகள்:

குவார்ட்ஸ்: 464 செ.மீ.⁻¹
கோயசைட்: 521 செ.மீ.⁻¹
வைரம்: 1332 செ.மீ.⁻¹

கல்லை உடைக்காமல், மணல்துகளினும் சிறிய பரலையும் இம்முறையில் இனங்காணலாம். இதற்கு அடிப்படையான ஒளிச்சிதறலைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்டறிந்தார்.